தாலாட்டுத் தந்த தம்பி

மனிதன் பிறந்ததும் முதன்முதல் கேட்கும் இசை எது? வீணையா? குழலா? மேடையிலே மிருதங்கம் முழங்கப் பாகவதர் பாடும் பாட்டா? தாயின் மடியிலே கிடந்து, அரைக்கண் மூடியபடி கேட்கும் தாலாட்டே அது. அந்தத் தாய் இசை கற்றவளாக இருக்க வேண்டுவதில்லை. சுருதிப் பெட்டி இல்லை. தாளம் போட ஆள் இல்லை. மாலை மரியாதையும் இல்லை. கேட்பவர் ஒருவரே, அவரும் பாட்டு முடியுமுன் தூங்கிப் போவார்!

தாலாட்டை இயற்றியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. பெரும்பாலான தாலாட்டுகளுக்கு ஆசிரியர் பெயரே தெரியாது. ஆனால் கேரள நாட்டிலே வீடுதோறும் வழங்கும் ஒரு தாலாட்டுக்கு ஆசிரியர் உண்டு. பிறந்த ஆண்டும் உண்டு. ஆண்டு 1813. ஆசிரியர் இரயிம்மன் தம்பி. 'ஓமனத்திங்கள்' என்று தொடங்கும் அந்தத் தாலாட்டை அறியாத மலையாளி இல்லை எனலாம். அதைப் பாடித் தந்த புலவரின் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்லப் புகுகின்றேன். பௌதிகம் படிக்கும் ஒருவனுக்கு இசைப் புலவர் வாழ்க்கையில் என்ன வேலை என்று தோழர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். காரணம் பின்னே வருகின்றது.

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். இரயிம்மன் என்ற பெயரைக் கேட்டால் நம்மவர்க்கு ஏதோ அயல்நாட்டுப் பெயர் போலத் தோன்றும். உண்மையில் அது நமக்கு மிகவும் அறிமுகமான பெயரே. ரவிவர்மன் என்ற வடமொழிப் பெயர் மக்கள் நாவிலே இரவிவர்மன் ஆகி, இரவிம்மன் ஆகி, இரயிம்மன் ஆயிற்று. ரகரத்துக்கு முன்னே ஓர் இகரம் சேர்ப்பது நம் தமிழ் வழக்கு அல்லவா? இராமன் என்கிறோம், இரத்தினம் என்கிறோம். அதே வழக்குத்தான் இங்கும்.

தம்பி என்பது வயதால் வந்த பெயரன்று, பட்டப் பெயர். திருவிதாங்கூரில் மருமக்கள் தாயம் வழங்கிய காலம் அது. மன்னனுக்குப் பின் அரியணை ஏறுபவன் அவன் மகனல்லன். அவன் உடன்பிறந்தாளின் மகனே. அப்படியானால் மன்னன் பெற்ற பிள்ளைகளை என்னென்று அழைப்பது? ஆண்மக்களைத் தம்பி என்றும் பெண்மக்களைத் தங்கச்சி என்றும் அழைத்தார்கள். அவர்கள் வாழ்ந்த மனைகள் அம்மவீடுகள் எனப்பட்டன. தம்பி, தங்கச்சி, அம்மவீடு என்ற இம்மூன்று சொற்களையும் பாருங்கள். தமிழ் வீட்டுக் குழந்தையும் அறிந்த இச்சொற்கள் அங்கே அரச குலத்துப் பட்டங்களாக விளங்கின. மொழி நூலார் இதற்கு என்ன சொல்வரோ, எனக்கு இதைப் படித்த அன்று மகிழ்ச்சி தாங்கவில்லை.

இரயிம்மன் தம்பி 1782-இல் பிறந்தார். தந்தையார் கேரளவர்மத் தம்பான், சேர்த்தலையைச் சேர்ந்த ஒரு கோவிலகத்தவர். தாயார் பார்வதிப் பிள்ளைத் தங்கச்சி, புதுமன அம்மவீட்டில் தோன்றியவர். அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் தர்மராஜா எனப் புகழ் பெற்ற கார்த்திகைத் திருநாள் இராமவர்மர். அம்மன்னரின் தம்பியாகிய மகயிரம் திருநாளின் மகளே இந்தப் பார்வதிப் பிள்ளை. ஆகவே நம் புலவர் அரண்மனைக்கு மிக அண்மையில் பிறந்தவர். ஆனால் அரியணைக்கு எட்டாத் தொலைவில் பிறந்தவர். பகையின்றியும் பொறாமையின்றியும் ஆறு ஆட்சிகளைக் கண்டு வாழ அவருக்கு இதுவே துணையாயிற்று என்பது என் எண்ணம்.

தந்தையாரிடம் தொடக்கக் கல்வி. பிறகு சங்கரன் இளையது என்ற ஆசிரியரிடம் வடமொழி இலக்கணமும் சாத்திரங்களும். சிறு வயதிலேயே கவி புனையும் ஆற்றல் வந்துவிட்டது. அவருக்குப் பதின்மூன்று வயது நடக்கும்போது, 1795-இல், தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. நாஞ்சில் நாட்டு எல்லையில் தமிழ் ஒலி கேட்டுக் கிடந்த அரசு, வடக்கே நகர்ந்தது. தர்மராஜா 1798-இல் மறைந்தார். அடுத்து வந்த பாலராமவர்மர் காலத்தில் நாடு குழம்பிற்று. வேலுத் தம்பி தளவாய் வெள்ளையரை எதிர்த்து நின்று 1809-இல் உயிர் நீத்ததை நாம் அனைவரும் அறிவோம். அதன்பின் கிழக்கிந்தியக் கும்பெனியின் பிடி திருவிதாங்கூரின் கழுத்தில் இறுகியது. 1810-இல் மன்னரும் மறைந்தார். ஆள்வதற்கு ஆண்மகன் இல்லை. இருபது வயதை ஒட்டிய இளம்பெண் கௌரி லட்சுமி பாய் அரசியானார்.

இந்தச் சூழ்நிலையை மனத்தில் இருத்திக் கொண்டால்தான் அந்தத் தாலாட்டின் பொருள் விளங்கும். வாரிசு இல்லாத நாட்டைக் கும்பெனியார் எடுத்துக் கொள்வரோ என்ற அச்சம் நாடெங்கும் பரவியிருந்தது. அரசி கருவுற்றபோது நாடே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. 1813 ஏப்ரலில் ஆண் குழந்தை பிறந்தது. பிறக்குமுன்பே அரசுரிமை பெற்றவன் என்பதால் கர்ப்ப ஸ்ரீமான் என்றார்கள். பிறந்த விண்மீனின் பெயரால் சுவாதித் திருநாள் என்றார்கள். அந்தக் குழந்தையைத் தொட்டிலில் இட்டு ஆட்டுவதற்குத்தான் அரசியின் விருப்பப்படி தம்பி தாலாட்டுப் பாடினார் என்பர். அப்போது அவருக்கு முப்பத்தோரு வயது.

தோழர்களே! ஒரு நாட்டின் விதியே ஒரு தொட்டிலில் கிடக்கின்றது. வேறொரு புலவனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? குலப்பெருமை பேசியிருப்பான், முன்னோர் வென்ற போர்களை அடுக்கியிருப்பான், பகைவர் தலை உருளும் என்று பாடியிருப்பான். தம்பி அவ்வாறு செய்யவில்லை. பாட்டு முழுவதும் கேள்விகளே. மடியில் கிடக்கும் இது என்ன, பிறைக் குழந்தையோ, தாமரைப் பூவோ, பூவில் நிறைந்த தேனோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கொண்டே போகின்றார். மயிலும் குயிலும் மானும் வருகின்றன. பிறகு பாட்டு அரண்மனையை விட்டே வெளியேறுகின்றது. இருட்டில் வைத்த விளக்கு வருகின்றது; காய்ச்சிய பால் வருகின்றது; விளைநிலம் வருகின்றது; தாகம் தீர்க்கும் நீரும், வழி நடந்த களைப்பை ஆற்றும் நிழலும் வருகின்றன. இவையெல்லாம் குடிசையில் வாழ்பவளும் அறிந்த பொருள்கள். கடைசியிலே பத்மநாபனின் அருளோ என்று ஒரு வணக்கம், அவ்வளவே. தூங்கு என்ற ஒரு சொல் பாட்டு முழுவதிலும் இல்லை. அரசன் என்றும் இல்லை. அரியணை என்றும் இல்லை. பாடிய புலவர் தம் பெயரையும் எங்கும் பொறிக்கவில்லை. ஆகவேதான் அரச குழந்தைக்குப் பிறந்த பாட்டு எவர் குழந்தைக்கும் பொருந்துகின்றது.

இன்னொன்றும் உண்டு, இங்கேதான் பௌதிக மாணவனுக்கு வேலை. இத்தாலாட்டைக் குறிஞ்சி இராகத்திலும் நவரோஜ் இராகத்திலும் பாடுவது வழக்கம். நீலாம்பரியிலும் பாடுவர். முதல் இரண்டையும் எடுத்துக் கொள்வோம். இவை இரண்டும் மேல் ஷட்ஜத்தைத் தொடுவதே இல்லை. நவரோஜ் கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி நடுப் பஞ்சமத்தோடு நின்றுவிடும். குறிஞ்சி கீழ் நிஷாதத்திலிருந்து தைவதம் வரையில்தான். ஒரு தாயின் ஷட்ஜம் நொடிக்கு 200 அதிர்வு என்று கொள்வோம். நவரோஜில் அவள் குரல் 150-க்குக் கீழே இறங்க வேண்டா. 300-க்கு மேலே ஏறவும் வேண்டா. மேலும் கீழும் சரியாக இருமடங்கு. குறிஞ்சியில் இருமடங்கு கூட இல்லை. ஏறத்தாழ 187-லிருந்து 333 வரை. பதினாறுக்கு ஒன்பது என்ற விகிதம். கச்சேரி பாடுபவருக்கோ நான்கு மடங்கு வேண்டும், சிலருக்கு அதற்கு மேலும் வேண்டும். அதற்காகத்தானே ஆண்டுக் கணக்கில் விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்கின்றார்கள்! தாலாட்டுப் பாடும் தாய்க்குச் சாதகம் ஏது? மடியிலே குழந்தை, உடம்பிலே களைப்பு, குரலை உயர்த்தினால் குழந்தை விழித்துக் கொள்ளும். நாம் சாதாரணமாகப் பேசும் குரலையே சற்று நீட்டினால் போதும் என்னும்படி இந்த இராகங்கள் அமைந்திருக்கின்றன. மெட்டு இப்படிப் பயிலாத குரலுக்கும் எட்டுவதாய் அமைந்ததனால்தான் பாட்டு அரண்மனை மதிலைத் தாண்டியது என்று நான் கருதுகின்றேன். சொல்லழகு மட்டும் இருந்திருந்தால் ஏட்டிலே கிடந்திருக்கும்.

சேர நாட்டுக்குத் தாலாட்டு புதிதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே சேர மன்னராகிய குலசேகர ஆழ்வார் திருக்கண்ணபுரத்து இராமனைக் குழந்தையாக்கித் தமிழிலே தாலாட்டினார். தன் மகனைத் தாலாட்டும் பேறு கிடைக்காத தேவகியின் புலம்பலையும் பாடினார். அங்கே மன்னன் கடவுளைத் தாலாட்டினான். இங்கே புலவன் மன்னனைத் தாலாட்டினான். இரண்டுக்கும் இடையே அந்நாட்டு மொழி தமிழிலிருந்து மலையாளமாகக் கிளைத்துவிட்டது. தாலாட்டும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

தொழிலாகக் கொள்ளாதவர் வீட்டிலே பாடும் இசையைப் பற்றிப் பேசும்போது ஐரோப்பாவை நினையாமல் இருக்க முடியாது. அங்கே மறுமலர்ச்சிக் காலத்தில், பதினாறாம் நூற்றாண்டில், ஒரு புதுமை நிகழ்ந்தது. 1501-இல் வெனிஸ் நகரத்துப் பெத்ருச்சி என்பவர் பல குரல் பாட்டுகளை அச்சிட்டு விற்கத் தொடங்கினார். அதற்குப் பின் மத்ரிகல் என்னும் காதற் பாட்டு இத்தாலி முழுவதும் பரவி, இங்கிலாந்துக்கும் சென்றது. மாதா கோவிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வீட்டில் உணவு உண்ட பின் மேசையைச் சுற்றி அமர்ந்து நான்கைந்து பேர் பாடுவது அது. ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிப் புத்தகம். எவர் கையிலும் முழுப் பாட்டும் இராது. எல்லாரும் சேர்ந்து வாய் திறந்தால்தான் பாட்டு உண்டாகும். நற்குடிப் பிறந்தவன் பாடவும் யாழ் மீட்டவும் அறிந்திருக்க வேண்டும், ஆனால் கூலிக்குப் பாடுபவன் போல நடந்து கொள்ளக் கூடாது என்று 1528-இல் காஸ்திலியோனே என்ற இத்தாலியர் ஒரு நூலே எழுதினார். 1597-இல் தாமஸ் மார்லி என்ற ஆங்கிலேயர் எழுதிய இசை நூலின் தொடக்கத்தில் ஒரு வேடிக்கை வருகின்றது. விருந்துக்குச் சென்ற ஒருவனிடம் பாட்டுப் புத்தகத்தை நீட்டுகின்றார்கள். அவன் தனக்குப் பாடத் தெரியாது என்கின்றான். சுற்றியிருந்தோர் வியந்து, இவன் எங்கே வளர்ந்தவன் என்று ஒருவர் காதில் ஒருவர் முணுமுணுக்கின்றனர். வெட்கம் தாங்காமல் மறுநாளே ஆசிரியரைத் தேடி ஓடுகின்றான் அவன்.

நம் மன்றத்துப் பொங்கல் விழாவை இங்கே நினைத்துக் கொண்டேன். அறுபது பேர் கூடியிருந்தோம். யாரேனும் ஒரு பாட்டுப் பாடுங்கள் என்று செயலாளர் கெஞ்சினார். ஒருவரும் அசையவில்லை. பாடத் தெரியாது என்று சொல்ல எவரும் கூசவும் இல்லை. அதுவே இயற்கை என்பது போல இருந்தார்கள். கடைசியில் கைப்பேசியை ஒலிபெருக்கியில் பொருத்தினார்கள்; யாரோ பாட, நாம் கேட்டோம். மார்லி காலத்து வெட்கம் நமக்கு வந்தால் என்ன குறைந்துவிடும்?

கேரளத்தில் தம்பியின் பாட்டுகள் பரவியது அச்சினால் அன்று, செவியினால். ஒரே மெட்டு, ஒரே குரல். மேசை இல்லை, புத்தகம் இல்லை. பாட்டி பாடினாள், மகள் கேட்டாள், பேத்தி பாடினாள். இது எப்படி நடக்கும் என்று நூல்களில் தேட வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலேயே நடந்தது.

என் பெற்றோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பைத் தேடிக் குளத்தூருக்கு வந்தவர்கள். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடியில், பாறசாலைக்கு அப்பால், கடலை ஒட்டிய ஊர் அது. கூப்பிடு தூரத்தில் தமிழ்நாடு. 1956 நவம்பரில் மாநில எல்லையைக் கோடு கிழித்தபோது எங்கள் ஊர் அந்தப் பக்கமும், அடுத்த ஊர் இந்தப் பக்கமும் ஆயின. தந்தையார் வைத்த பலசரக்குக் கடையில் அரிசி கேட்பவர் இரண்டு மொழியிலும் கேட்பார். கடன் சொல்வதும் இரண்டு மொழியிலும்தான். என் தங்கை பிறந்தபோது எனக்கு ஏழு வயது. அம்மாவின் தாயார் ஊரில் படுத்த படுக்கையாக இருந்தபடியால் துணைக்கு வர இயலவில்லை. பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் நாள்தோறும் வந்து குழந்தையைக் குளிப்பாட்டித் தொட்டிலில் இடுவார். அம்மச்சி என்போம் அவரை. அவர் பாடியதுதான் ஓமனத்திங்கள். அம்மச்சி சங்கீதம் கற்றவரல்லர், கயிறு திரித்தவர். இரயிம்மன் தம்பி என்ற பெயரை அவர் கேட்டதுமில்லை. ஆட்டும்போது பாடும் பாட்டு என்பார், அவ்வளவுதான். நாற்பது நாளில் அம்மாவுக்கும் அது வந்துவிட்டது. ஆனால் எப்படி வந்தது? பாதி வரையில் மலையாளம்; மறந்த இடத்தில், மெட்டு மாறாமல், மாமன் அடித்தானோ, அத்தை அடித்தாளோ என்று நம் ஊர்த் தாலாட்டுக்குள் இறங்கிவிடும். இரண்டும் கேள்விதானே! அங்கே புலவர் பூவோ தேனோ என்று கேட்கிறார். இங்கே தாய் யார் அடித்தது என்று கேட்கிறாள். ஒட்டுப் போட்ட இடமே தெரியாது. பின்னாளில் நூலகத்தில் அந்தப் பாட்டை முழுமையாகப் படித்தபோதுதான் எது தம்பி பாடியது, எது என் தாய் சேர்த்தது என்று எனக்கு விளங்கிற்று.

இப்படி வழங்கும் பாட்டுக்கு யார் உரியவர்? 2013-இல் இக்கேள்வி வழக்காகவே எழுந்தது. 'லைஃப் ஆஃப் பை' என்ற திரைப்படத்திற்காகப் பம்பாய் ஜெயஸ்ரீ தமிழில் எழுதிப் பாடிய தாலாட்டு ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதன் தொடக்கம் தம்பியின் தாலாட்டைப் பெயர்த்தது என்று அவர் பெயரால் சேர்த்தலையில் இயங்கும் அறக்கட்டளையினர் கூறினர். ஜெயஸ்ரீ அதை மறுத்தார். தம் உள்ளத்தில் தோன்றியதையே எழுதியதாகச் சொன்னார். யார் பக்கம் நீதி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? மயிலும் குயிலும் தாமரையும் எல்லாத் தாய்மாருக்கும் பொதுச் சொத்து. எனினும் இருநூறு ஆண்டு கழித்து ஒரு தாலாட்டுக்காக ஓர் ஊர் எழுந்து நின்று குரல் கொடுத்ததை எண்ணும்போது, அந்தப் புலவர் மேல் பொறாமையே உண்டாகின்றது.

தாலாட்டோடு தம்பியின் பணி முடியவில்லை. கீசகவதம், உத்தராசுயம்வரம், தக்கயாகம் என்று மூன்று ஆட்டக்கதைகள் எழுதினார். கதகளி அரங்கில் அவற்றுக்கு இன்றும் இடமுண்டு. கீர்த்தனங்கள் பல. குருவாயூர்க் கண்ணனை நோக்கிய 'கருணை செய்வான்' என்ற கீர்த்தனம் முதலில் ஸ்ரீ இராகத்தில் இருந்தது. செம்பை வைத்தியநாத பாகவதர் அதனை யதுகுல காம்போதியில் பாடி நாடெங்கும் பரப்பினார். காதற்சுவை மிகுந்த பதங்களும் உண்டு. காம்போதியில் அமைந்த ஒரு பதத்தில் தலைவி தன் தலைவன் தந்த இன்பத்தைத் தோழிக்கு ஒளிவு மறைவின்றி உரைக்கின்றாள். அகத்திணை பயின்ற நமக்கு அது வியப்பன்று; ஆனால் பிற்காலத்தார் பலர் முகம் சுளித்தனர். பக்திப் பாட்டுப் பாடிய வாயால் இதுவுமா என்றனர். பாடினால் என்ன? மனித வாழ்க்கையில் தாலாட்டு எவ்வளவு மெய்யோ, அதற்கு முன் நிகழ்ந்ததும் அவ்வளவு மெய்தானே!

இவற்றைவிட நான் மதிப்பது அவர் எழுதிய கைகொட்டிக்களிப் பாட்டுகளை. மார்கழித் திருவாதிரையில் மலையாளப் பெண்கள் முற்றத்தில் குத்துவிளக்கை நடுவே வைத்து, வட்டமாக நின்று, கைகொட்டிப் பாடி ஆடுவார்கள். நம் கும்மிக்கு உடன்பிறந்தாள் அது. ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள். மற்றவர் வாங்கிப் பாடுவர். பார்ப்பவர் வேறு, ஆடுபவர் வேறு என்ற பிரிவே இல்லை. தெருவில் உள்ள பெண்டிர் எல்லாரும் வட்டத்திற்குள்தான். இதற்காகச் சுபத்திரையின் கதையைப் பாட்டாக்கித் தந்தார் தம்பி. அரசவைப் புலவர் ஒருவர், கச்சேரிக்கும் கதகளிக்கும் எழுதும் ஆற்றல் படைத்தவர், முற்றத்துப் பெண்களுக்காகவும் உட்கார்ந்து எழுதினார் என்பது சிறிய செய்தி அன்று.

தொட்டிலில் கிடந்த குழந்தை வளர்ந்தது. மழலை மாறுமுன்னரே தாயை இழந்தது. சிற்றன்னை கௌரி பார்வதி பாய் நாட்டைக் காத்து நின்று, 1829-இல் பதினாறு வயது சுவாதித் திருநாளிடம் ஆட்சியை ஒப்படைத்தார். அந்த இளைஞர் எத்தகைய மன்னராக விளங்கினார் என்பதை இசையுலகம் அறியும். வடமொழி, மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி என்று பல மொழிகளில் பாட்டுகள் இயற்றினார். தஞ்சையிலிருந்து பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வரும் அவர் அவைக்கு வந்தனர். வடிவேலுவின் வயலின் திறத்தை வியந்து 1834-இல் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். விஞ்ஞான மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று: 1837-இல் திருவனந்தபுரத்தில் வானியல் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றை நிறுவி, ஜான் கால்டிகாட் என்ற ஆங்கிலேயரை அதற்குத் தலைவராக்கினார். பிறையோ என்று பாடக் கேட்டு வளர்ந்த குழந்தை, பின்னாளில் பிறையைத் தொலைநோக்கியால் பார்க்க வழி செய்தது!

அந்த அவையிலே தம்பி மூத்த புலவராக வீற்றிருந்தார். மன்னர் மெட்டுகள் அமைக்கும்போது அருகிருந்தார். மன்னர் பாடக் கேட்டார். தாம் தாலாட்டிய குழந்தையே தமக்குப் புரவலனாக அமைந்த புலவர் வேறு எந்நாட்டிலேனும் உண்டா என்று தேடிப் பார்த்தேன். என் அறிவுக்கு எட்டிய வரையில் இல்லை.

மன்னரின் பிற்காலம் இருண்டது. 1840-இல் ரெசிடெண்டாக வந்த கல்லன் என்ற இராணுவத்தார் ஆட்சியில் ஒவ்வொன்றிலும் தலையிட்டார். பெயருக்கு மன்னர், பொறுப்பெல்லாம் அயலான் கையில் என்ற நிலை. பாட்டிலும் வழிபாட்டிலும் தம்மை ஒடுக்கிக் கொண்ட சுவாதித் திருநாள், 1846 டிசம்பரில் மறைந்தார். வயது முப்பத்து மூன்று.

அப்போது இரயிம்மன் தம்பிக்கு வயது அறுபத்து நான்கு. அவன் பிறந்தபோது பாடியவர், அவன் மறைந்த பின்னும் இருந்தார். அடுத்த மன்னர் உத்திரம் திருநாளின் ஆட்சியில் மேலும் பத்து ஆண்டுகள் வாழ்ந்து, 1856-இல் காலமானார். அந்தப் பத்தாண்டுகளில் யாரேனும் ஒரு தாய் தெருவில் அந்தத் தாலாட்டைப் பாட அவர் கேட்டிருப்பாரா? கேட்டிருந்தால் எந்த முகம் அவர் நினைவில் எழுந்திருக்கும்? வரலாறு இதற்கெல்லாம் விடை எழுதி வைப்பதில்லை.

அவர் பெற்ற மக்களுள் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. 1820-இல் பிறந்த குட்டிக்குஞ்ஞுத் தங்கச்சி தந்தையிடம் கவிதை கற்றார். பெண்கள் ஆட்டக்கதை எழுதுவது எங்கும் கேட்டிராத காலத்தில் பார்வதி சுயம்வரம், ஸ்ரீமதி சுயம்வரம், மித்திரசக மோட்சம் என மூன்று எழுதினார். மலையாளத்தில் ஆட்டக்கதை எழுதிய முதல் பெண்மணி அவரே என்பர். தந்தையைப் போலவே திருவாதிரைக்குக் கைகொட்டிப் பாடும் பாட்டுகளும் இயற்றினார். தந்தை மறைந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1904-இல், அவரும் மறைந்தார்.